பங்கில் கொடுப்பதும் கொடுத்ததைப் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கர்களிடையே பங்கு என்றால் ஒரு பங்குத்தந்தையின் கீழ் உள்ள விசுவாசிகளின் சமூகம். அந்தப் பங்கின் நிதிக்குழுவில் பெயர் இருந்தால் போதும், பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்க் கேட்பார்கள். குரல் தாழ்ந்திருக்கும், கேள்வி பெரும்பாலும் ஏற்கெனவே கேட்டதாக இருக்கும். அப்படி வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடைப்புக்குறிக்குள் தனியாக வரும் எண்களும் அதிலுள்ளவைதான். அது இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கானது, கீழைத் திருச்சபைகளுக்கு 1990இல் வந்த தனித் தொகுப்பு இருக்கிறது.

காணிக்கை போடலைன்னா பாவமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு வரும்போது சட்டைப் பையில் காசில்லை என்பதற்காக யாரும் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டாம். ஆனால் வசதி இருந்தும், 'நான் வருவேன், ஜெபிப்பேன், விளக்கு எரிவதையும் கூரை ஒழுகாமல் இருப்பதையும் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று வருடக்கணக்கில் இருந்துவிடுவது வேறு விஷயம். திருச்சபையின் தேவைகளுக்கு அவரவர் சக்திக்கு ஏற்ப உதவ வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளைகளில் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2043ஆம் எண்ணில் அது இருக்கிறது.

சட்டத்தில் 222ஆம் எண் இதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறது: இறைவழிபாடு, நற்செய்திப் பணி, அன்புப் பணி, பணியாளர்களின் தகுந்த பிழைப்பு, இவற்றுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை. அதே எண்ணின் இரண்டாம் பகுதி, சமூக நீதிக்காக உழைப்பதும் சொந்த வருமானத்திலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் கடமை என்கிறது. கோவிலுக்கு வசூல் செய்யும்போது முதல் பகுதியை மட்டும் வாசிக்கிறவர்கள் உண்டு, இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பத்தில் ஒரு பங்கு கட்டாயம் கொடுக்கணும்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க. நமக்கும் உண்டா?

இன்றைய கத்தோலிக்கச் சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை. பழைய ஏற்பாட்டில் உண்டு (லேவியர் 27, மலாக்கி 3), ஒரு காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் அதைச் சட்டமாகவே வைத்து வசூலித்ததும் உண்டு. இப்போது 'சக்திக்கு ஏற்ப' என்பதுதான் அளவு.

அதற்காகப் பத்தில் ஒரு பங்கு கொடுப்பவரைத் தடுக்கவும் வேண்டாம், அது நல்ல பழக்கம். ஆனால் அதே பழைய ஏற்பாட்டில், இணைச்சட்டம் 14இல், மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கை லேவியரோடு அந்நியர், அநாதைகள், கைம்பெண்கள் சாப்பிட்டு நிறைவடையும்படி ஊரிலேயே வைத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. பத்திலொரு பங்கைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்துக்கு ஏனோ வருவதேயில்லை.

சரி, அப்போ எவ்வளவுதான் கொடுக்கிறது? ஒரு தொகை சொல்லுங்க.

சொல்ல மாட்டேன். நிதிக்குழுவில் இருப்பவன் தொகை சொன்னால் அது அன்றைக்கே கட்டணமாகிவிடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் இரண்டு வழிகாட்டல் இருக்கிறது. ஒன்று, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்ப எடுத்துத் தனியே வைக்கச் சொல்கிறார் (1 கொரி 16:2). அதாவது மாதக் கடைசியில் மிஞ்சியதைத் துழாவி எடுக்காமல், வந்தவுடன் ஒதுக்குவது. இன்னொன்று, மனவருத்தத்தோடோ கட்டாயத்தினாலோ கொடுக்க வேண்டாம், அவரவர் மனத்தில் முடிவு செய்தபடி கொடுக்கட்டும் (2 கொரி 9:7).

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். குடும்பமாக உட்கார்ந்து வருடத்துக்கு ஒரு முறை வருமானத்தைப் பார்த்து, இவ்வளவு கோவிலுக்கு, இவ்வளவு ஏழைகளுக்கு என்று முடிவு செய்துவிடுங்கள். தட்டு பக்கத்தில் வந்த பிறகு பையைத் துழாவினால் கையில் அகப்படுவதுதான் விழும், அது சம்பளம் மூன்று மடங்கான பிறகும் பத்து வருடம் முன்பு போட்ட அதே நோட்டாகவே இருக்கும். எண்ணும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். நகம் அளவுக்கு மடித்து மடித்துச் சிறுசாக்கிய நோட்டு, வியர்வையில் ஒட்டிக்கொண்ட சில்லறை, பெயரே எழுதாத உறையில் நேராக அடுக்கி வைத்த பணம், எல்லாம் அதே தட்டில்தான் வருகிறது. யார் போட்டது என்று தெரியாது, தெரியவும் கூடாது.

ஏழைக் கைம்பெண் தன்னிடம் இருந்த எல்லாத்தையும் போட்டாங்களே, நாமும் அப்படித்தானே செய்யணும்?

மாற்கு 12இல் அந்தப் பகுதிக்கு இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொள்ளும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டித்து முடித்த கையோடுதான் அவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்கிறார். அந்தப் பெண்ணின் மனத்தைப் பாராட்டுகிறார், சந்தேகமே இல்லை. ஆனால் இல்லாதவரிடமிருந்து இன்னும் கறப்பதற்கு அந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறவர்கள் முன் வசனத்தையும் வாசித்துவிட்டுப் பேசட்டும்.

வீட்டில் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்திருப்பதை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான், கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லித் தட்டிக் கழிப்பவர்களை இயேசு எப்படித் திட்டினார் என்பது மாற்கு 7இல் இருக்கிறது.

கொடுத்தா ஆண்டவர் இரட்டிப்பா திருப்பித் தருவார்தானே?

பத்திலொரு பங்கைக் கொண்டுவந்தால் ஆசி பொழிவேன் என்று சொல்லும் மலாக்கி 3:10ஐ வைத்து இப்படிப் பேசுவது இப்போது நம்மவர்களிடமும் பரவிவிட்டது. கடவுள் தாராளமாகக் கொடுப்பவர் என்பது உண்மை. இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும் என்பது வட்டிக்கணக்கு. கடன் வாங்கி 'விதைக் காணிக்கை' போட்டுவிட்டு வட்டி கட்ட முடியாமல் நிற்கிறவரிடம் 'உன் விசுவாசம் போதவில்லை' என்று சொல்வது கொடுமை. பவுல் தெளிவாகவே எழுதுகிறார்: இல்லாததைக் கொண்டல்ல, இருப்பதைக் கொண்டே ஒருவருடைய ஈகை ஏற்கப்படும். மற்றவர்களின் சுமையைத் தணிப்பதற்காக உங்கள்மேல் சுமை ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை (2 கொரி 8:12-13). கடன் இருந்தால் முதலில் கடனை அடையுங்கள்.

என்கிட்ட பணம் இல்லை. பாடகர் குழுவில் பாடுறேன், மறைக்கல்வி எடுக்கிறேன். அது போதாதா?

பணம் உண்மையிலேயே இல்லை என்றால் போதும், கூச்சமே வேண்டாம். ஒவ்வொருவரும் தாம் பெற்ற அருள்கொடையைப் பிறருக்குப் பணிசெய்யப் பயன்படுத்தும் நல்ல பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று 1 பேதுரு 4:10 சொல்கிறது, அங்கே பணம் என்ற பேச்சே இல்லை. அமெரிக்க ஆயர்கள் 1992இல் இதைப் பற்றி ஒரு மேய்ப்புப் பணி மடல் வெளியிட்டார்கள். நேரம், திறமை, பொருள் மூன்றையும் சேர்த்துப் பேசும் பழக்கம் பல பங்குகளில் இன்று வேரூன்றியிருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் பணமும் இருப்பவர்கள், மறுபக்கம் 'நான்தான் பணம் கொடுக்கிறேனே, கூட்டத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து கழன்றுகொள்வது சரியாக வராது. அப்புறம், கணக்கு எழுதத் தெரிந்தவர், மின்வேலை தெரிந்தவர், நோயாளிகள் பக்கத்தில் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர், இவர்களெல்லாம் பங்கில் யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறார்கள். யாராவது கேட்டால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

வாராவாரம் போடுற காசு எங்கதான் போகுது?

திருச்சபை சொத்து வைத்திருப்பதற்குச் சட்டம் 1254 சொல்லும் காரணங்களும் முதல் பதிலில் சொன்ன அவைதான்: வழிபாடு, பணியாளர்களின் பிழைப்பு, நற்செய்திப் பணியும் அன்புப் பணியும், குறிப்பாக ஏழைகளுக்கு. பங்கு அளவில் அது மின்கட்டணம், கட்டடப் பராமரிப்பு, கோவில்பிள்ளை (கோவில் வேலைகளைப் பார்ப்பவர்) முதலான பணியாளர் சம்பளம், மறைக்கல்விச் செலவு, ஏழைகளுக்கான உதவி என்று பிரியும். ஒரு பகுதி, ஓர் ஆயரின் கீழ் பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்துக்கும் போகும், அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: இதெல்லாம் ஃபாதருடைய கைக்குப் போகிறதா? இல்லை. பங்குப் பணியின்போது விசுவாசிகள் கொடுப்பது பங்கின் நிதிக்குச் சேர வேண்டும் என்று சட்டம் 531 சொல்கிறது. கொடுத்தவர் 'இது உங்களுக்கு, ஃபாதர்' என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் வேறு. இந்த ஞாயிற்றுக் காணிக்கை நேற்று வந்த வழக்கமும் இல்லை. சுமார் கி.பி. 155இல் உரோமையிலிருந்து எழுதிய புனித ஜஸ்டின், வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள், தலைமை தாங்குபவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்வார் என்று குறித்திருக்கிறார்.

கணக்குக் கேட்டா ஃபாதரை நம்பலைன்னு ஆயிடாதா?

ஆகாது. எனக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் நான் கொஞ்சம் சூடாகப் பதில் சொல்வேன். விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு நிர்வாகிகள் விசுவாசிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் 1287 சொல்கிறது, அதை எப்படி என்பதை அந்தந்த மறைமாவட்ட விதி சொல்லும். ஆயர் தரப்புக்கு ஆண்டுதோறும் கணக்கு கொடுப்பதும் அதே எண்ணில் உண்டு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் (537). பங்குப் பணிகளுக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவை ஆயர் தேவை என்று முடிவு செய்தால் வருவது (536), நிதிக்குழு அப்படி இல்லை. நிர்வாகிகள் நல்ல குடும்பத் தலைவரைப் போன்ற அக்கறையோடு நடக்க வேண்டும், வரவு செலவுப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று 1284 விவரிக்கிறது.

பவுல் எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக வசூல் செய்தபோது தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைக் கூட அழைத்துக்கொண்டார், இவ்வளவு பெரிய தொகையை வைத்து யாரும் எங்களைக் குறைசொல்லக் கூடாது, ஆண்டவர் முன் மட்டுமல்ல மனிதர் முன்னும் சரியாக இருக்கப் பார்க்கிறோம் என்று காரணமும் எழுதினார் (2 கொரி 8:19-21). அவருக்கே அது தேவைப்பட்டது. கணக்கு ஒட்டப்பட்ட பங்கில் ஃபாதரைப் பற்றிய வதந்தி குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உண்டியலைத் திறந்து எண்ணும்போது என்ன முறை இருக்கணும்?

யாரும் தனியாக எண்ணக் கூடாது, ஃபாதரும்கூட. ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது இருக்க வேண்டும், மூன்று பேர் இருந்தால் நல்லது, அவர்களும் முறைவைத்து மாற வேண்டும். எண்ணிய தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் பணத்தோடு போகாமல் தனியாக இருக்கட்டும். பணம் யார் வீட்டிலும் இரவு தங்காமல் அடுத்த வேலை நாளிலேயே வங்கிக்குப் போகட்டும், 'சில்லறைச் செலவுக்கு' என்று எண்ணும் மேசையிலிருந்தே எடுக்க வேண்டாம். இதெல்லாம் யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. பின்னால் ஒரு நாள் தொகை இடித்தால், நேர்மையாக எண்ணியவரைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

பூசைக்குப் பணம் கொடுக்கிறோமே, அது பூசையை விலைக்கு வாங்குற மாதிரி இல்லையா?

இருக்கக் கூடாது, அப்படித் தோன்றவும் கூடாது. வியாபாரத்தின் சாயல்கூட வரக் கூடாது என்று சட்டம் 947 சொல்கிறது. பூசையை இன்னாருக்காக, இந்தத் தேவைக்காக ஒப்புக்கொடுங்கள் என்று கேட்பதைத்தான் கருத்து என்கிறோம். அந்தக் கருத்துக்காகக் கொடுக்கும் காணிக்கை, அந்தத் திருப்பலியோடு (பூசையோடு) நம்மையும் இணைத்துக்கொண்டு குருவின் பிழைப்புக்கும் திருச்சபைக்கும் உதவும் ஒரு பழைய வழி. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 மார்ச்சில் புதன்கிழமை மறைக்கல்வியில் திருப்பலிக்கு விலை இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வேண்டுமானால் காணிக்கை கொடுக்கலாம், ஆனால் திருப்பலிக்கு யாரும் பணம் கட்டுவதில்லை.

விதிகள் கறாரானவை, பலருக்குத் தெரியாது. தொகையை ஒரு மறைமாநில (பல மறைமாவட்டங்கள் சேர்ந்தது) ஆயர்கள் சேர்ந்து நிர்ணயிப்பார்கள், குரு அதற்கு மேல் கேட்கக் கூடாது, நாமாக அதிகம் கொடுத்தால் வாங்கலாம், குறைவாகக் கொடுத்தாலும் வாங்கலாம் (952). ஒரே நாளில் மூன்று பூசை வைத்தாலும் குரு தனக்கென்று ஒரு காணிக்கைதான் வைத்துக்கொள்ள முடியும், கிறிஸ்து பிறப்பு நாள் மட்டும் விலக்கு, மற்றவை ஆயர் சொல்லும் காரியத்துக்குப் போகும் (951). ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாத அளவு கருத்துகளை வாங்கிச் சேர்க்கக் கூடாது (953). ஒன்றுமே கொடுக்க முடியாதவர்களின் கருத்துக்காகவும், முக்கியமாக ஏழைகளுக்காக, திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி குருக்களைச் சட்டம் 945 வலியுறுத்துகிறது. அதனால் கையில் காசில்லாதவர் இறந்த தாய்க்குப் பூசை கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை, நேராகப் போய்க் கேளுங்கள். திருமுழுக்கு, திருமணம் முதலான அருளடையாளங்களுக்கும் அடக்கத்துக்கும் இதே நிலைதான், வறுமையால் யாரும் அவற்றை இழந்துவிடக் கூடாது (848, 1181).

ஒரே பூசையில் இருபது பேர் கருத்து வாசிக்கிறாங்க. இருபது காணிக்கையும் வாங்கிட்டு ஒரே பூசையா?

நியாயமான கேள்வி. தனித்தனியாகக் காணிக்கை வாங்கினால், அது எவ்வளவு சிறியதானாலும், தனித்தனித் திருப்பலி என்பதுதான் பொது விதி (948). 1991இல் வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் ஒரு ஆணையில் சில நிபந்தனைகளோடு கூட்டுக் கருத்துக்கு இடம் கொடுத்தது. 2025 உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து புதிய ஆணை நடைமுறையில் இருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டியது இரண்டு: கொடுப்பவரிடம் முன்பே சொல்லி அவர் மனமுவந்து சம்மதித்திருக்க வேண்டும், 'சம்மதித்திருப்பார்' என்று நினைத்துக்கொள்வது செல்லாது. முன் பதிலில் சொன்ன ஒரே காணிக்கை விதியும் மாறவில்லை, குரு ஒன்றைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம். காணிக்கை எதுவும் வாங்காமல் நோயாளிகள், இறந்தவர்கள் பெயரை மன்றாட்டில் சொல்வது இந்தக் கணக்கிலேயே வராது.

மணிக்கூண்டுக்குன்னு வசூல் செஞ்சாங்க. இப்போ அதைப் பங்கு இல்லத்துக்குச் செலவழிக்கிறாங்க. சரியா?

சரியில்லை. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம், சட்டம் 1267 இதில் மழுப்பவில்லை. மணிக்கூண்டு வேண்டாம் என்று முடிவானால் கொடுத்தவர்களிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் ஆயரிடம் போக வேண்டும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: வசூல் அறிவிப்பிலேயே 'மிஞ்சினால் இதற்குப் போகும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவது. கொடுப்பவர்களும் தேவையில்லாமல் ஒவ்வொரு தொகைக்கும் நிபந்தனை கட்டாதீர்கள், சிலைக்கும் கொடிமரத்துக்கும் பணம் குவியும், கழிவறை பழுதுபார்க்க யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கோவிலை அலங்கரிக்கிறதுக்குப் பதில் ஏழைக்குக் கொடுக்கலாமே?

இரண்டு பக்கமும் பேச ஆள் உண்டு. புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி பற்றிய மறையுரை ஒன்றில், கோவிலுக்குள் பட்டு உடுத்திக் கிறிஸ்துவை மதித்துவிட்டு வெளியே குளிரில் ஆடையின்றிக் கிடக்கும் அவரைக் கண்டுகொள்ளாமல் போகாதே என்கிறார். ஆனால் அதே இடத்தில் அவர் கோவிலுக்குக் கொடுப்பதைத் தடுக்கவில்லை, கோவிலுக்கும் கொடு, அதற்கு முன் ஏழையைக் கவனி என்பதுதான் அவர் வரிசை. பெத்தானியாவில் இயேசுவின் காலில் பூசப்பட்ட விலையுயர்ந்த தைலத்தைப் பார்த்து 'ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே' என்று கேட்டது யூதாசு என்பதையும் யோவான் 12 நினைவூட்டுகிறது, பணப்பை அவனிடம்தான் இருந்தது.

என் சொந்தக் கருத்து: ஆண்டுக் கணக்கில் 'ஏழைகளுக்கு' என்ற வரியே இல்லாத பங்கு புதிய தரைக்கல் பற்றிப் பேசக் கூடாது. காணிக்கைப் பவனியில் பணமும் ஏழைகளுக்கான பொருள்களும் வரும்போது அவற்றை நற்கருணை மேசைமேல் வைக்காமல் தகுந்த வேறிடத்தில் வைக்கச் சொல்கிறது திருப்பலி நூலின் பொதுப் போதனை (எண் 73). பொருளோடு வந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை முன்பே தயார் செய்துவிட்டால் அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் கொண்டுவருவார்கள்.

பெரிய தொகை கொடுத்தவங்க பெயரைக் கல்வெட்டில் போடுறாங்க. வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லலையா?

சொன்னார், மத்தேயு 6:3. கல்வெட்டைச் சட்டம் தடுக்கவில்லை, இறந்த பெற்றோர் நினைவாக ஒரு பெயர் இருப்பதில் எனக்கும் குறையில்லை. ஆனால் தொகையோடு பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது கொடுக்க முடியாதவரை எல்லார் முன்னும் கூனிக் குறுக வைக்கும், அதை நிறுத்திவிடலாம். கொடுத்தவருக்கு ரசீதும் நன்றிக் கடிதமும் போதும். அப்புறம், பெரிய தொகை கொடுத்தவருக்குப் பங்குப் பேரவையில் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. பொன் மோதிரம் அணிந்தவரை முன்னால் உட்காரவைத்து ஏழையைத் தரையில் உட்காரச் சொல்வதைப் பற்றி யாக்கோபு 2இல் இருப்பது போதும்.

ஃபாதர் செய்றது பிடிக்கலை. காணிக்கையை நிறுத்திட்டேன். தப்பா?

பிடிக்கவில்லை என்பது மறையுரை நீளம் பற்றியதா, பணம் கையாளுவது பற்றியதா? முதலாவது என்றால் காணிக்கையை நிறுத்துவதால் பாதிக்கப்படுவது கோவில்பிள்ளையின் சம்பளமும் ஏழைகளுக்கான உதவியும்தான், மறையுரை சுருங்காது.

பணம் பற்றியது என்றால் சும்மா நிறுத்திவிட்டு முணுமுணுப்பதைவிட எழுத்தில் கேளுங்கள், முதலில் நிதிக்குழுவிடம், பதில் வராவிட்டால் ஆயர் இல்லத்துக்கு. திருச்சபையின் நன்மை குறித்த தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமையும், சில வேளை கடமையும், விசுவாசிகளுக்கு உண்டு (212). பெரும் சேதம் விளைவிக்கும் மோசமான சொத்து நிர்வாகம், வேறு வழியில் சரிசெய்ய முடியாதபோது, பங்குத்தந்தையை மாற்றுவதற்கான காரணங்களில் ஒன்று (1741). பதில் வரும்வரை உங்கள் காணிக்கையை ஏழைகளுக்கு நேரடியாகக் கொடுங்கள், பையில் தங்கிவிட வேண்டாம்.

தப்பான வழியில் வந்த பணத்தைக் கோவிலுக்குக் கொடுத்தா சரியாயிடுமா?

ஆகாது. யாரிடமிருந்து எடுத்ததோ அவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் முதலில். சக்கேயு பாதியை ஏழைகளுக்கு என்று சொன்னதோடு நிற்கவில்லை, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புகிறேன் என்றார் (லூக்கா 19:8). உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம், அதையும் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் பேசி முடிவு செய்யுங்கள். நியாயமான காரணம் இருந்தால் ஒரு நன்கொடையை மறுக்கலாம் (1267). பெயரை வெளுப்பதற்காகக் கொடுக்கிறார் என்று ஊருக்கே தெரிந்த பணத்தை வாங்குவதைவிடக் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கட்டும்.

நம்ம பங்கே கஷ்டத்தில் இருக்கு. மறைமாவட்டத்துக்கும் உரோமைக்கும் ஏன் அனுப்பணும்?

மறைமாவட்டத் தேவைகளுக்காக ஆயர், உரிய குழுக்களைக் கேட்டபின், பங்குகளின் வருமானத்துக்கு ஏற்ற மிதமான வரி விதிக்கலாம் (1263). குருக்களை உருவாக்கும் குருமடம், வயதான குருக்கள், நம்மைவிட ஏழைப் பங்குகள் எல்லாம் அதில் வரும். சுமை அதிகம் என்றால் நிதிக்குழு வழியாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

பெரிய வெள்ளியன்று எடுப்பது புனித நாட்டுக்கு, அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று எடுப்பது மறைபரப்புப் பணிக்கு. மறைபரப்பு ஞாயிறு 1926இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் காலத்தில் தொடங்கியது. இந்தப் பணிக்கான சபையை 1822இல் லியோனில் தொடங்கக் காரணமான பவுலின் ஜாரிகோ செய்தது மிக எளிது: தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து வாரம் ஒரு செப்புக் காசு. எல்லாரும் ஏழைகள்தான்.

உயிலில் கோவிலுக்கு எழுதலாமா?

எழுதலாம். அந்த விருப்பத்தை மிகுந்த கவனத்தோடு நிறைவேற்றச் சட்டம் 1300 கட்டளையிடுகிறது. குருவின் பெயரில் எழுத வேண்டாம், பங்கின் சட்டபூர்வமான பெயரில் எழுதுங்கள், நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வேலைக்காக வேறு ஊரில் இருக்கேன். எந்தப் பங்குக்குக் கொடுக்கணும்?

ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கினாலே, அல்லது அவ்வளவு நாள் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, நீங்கள் அங்கே பங்கு மக்கள்தான் (102, 107). அதனால் ஞாயிறு பூசைக்குப் போகும் இடத்தில் வழக்கமான காணிக்கை, சொந்தப் பங்குக்குத் திருவிழா, கட்டடம் போன்ற சமயங்களில் முடிந்தது என்று பிரித்துக்கொள்ளலாம். சொந்தப் பங்கில் மட்டும் பெயர் இருந்தால் போதும் என்று புதிய இடத்தில் பதிவே செய்யாமல் இருப்பவர்கள் நிறைய. போன வாரமே பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்திருக்கலாம், இந்த வாரமாவது கொடுங்கள்.